நன்மொழிக்குப் பூ கேட்ட கதை

பெற்றவர்கள் எல்லோருக்கும் போலீஸ் வேலை கிடைத்திருக்க வேண்டியது. தவறிப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். நான் பட்டம் படித்தவள் (இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் நம்பமாட்டீர்கள்).

என் மகள் பவித்ரா வெளியாட்களிடம் வாய் திறக்காதவள். அப்படிப்பட்டவள் ஒருநாள் மலைமேல் எங்கள் செம்மேட்டுச் சந்தையில் அன்னாசிப்பழக்காரரிடம் பேரம் பேசினாள். எனக்குப் பகீரென்றது. வீட்டுக்கு வந்ததும் அடுத்த குண்டு: பிளஸ் டூ முடித்துத் தஞ்சாவூர் போய்க் கல்வெட்டு படிக்கப் போகிறாளாம்.

யார் கெடுத்தது என்று துருவினேன். போன் விளையாட்டில் வரும் நன்மொழி என்ற பெண். ஓலைச்சுவடி எல்லாம் கரைத்துக் குடித்தவள், ஆனால் ஆளைக் கண்டால் அலமாரிக்குப் பின்னால் ஒளிபவள். ஒவ்வொரு பழங்காலத்துக்கும் போய்வரப் போய்வரத் தைரியம் கூடி, இப்போது அரசசபையில் ஏரித் தண்ணீருக்காக வாதாடுகிறாளாம்.

வயதுப் பெண்ணைத் தனியாக வேறு நூற்றாண்டுக்கு அனுப்புகிற குடும்பம் என்ன குடும்பம்?

பவித்ரா குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்தேன். 'அடுத்த காலத்துக்குப் போகலாமா? வீடு திரும்பலாமா?' என்று திரை கேட்டது. எங்கள் பக்கம் இப்படிச் சிக்கல் வந்தால் சாமியிடம் பூ கேட்போம்; இரண்டு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் குலுக்கி ஒன்றை எடுப்பது. போனோடு கோயிலுக்கு ஓடினேன். வெள்ளைப்பூ வந்தால் போகட்டும், சிவப்பு வந்தால் வீடு.

"பொண்ணு எந்த ஊருங்க?" என்றார் பூசாரி, பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்தபடி.

"தூரத்துச் சொந்தமுங்க."

வெள்ளை வந்தது. சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடி கேட்கச் சொன்னேன். மறுபடியும் வெள்ளை. பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்றாவது தடவைதான் சாமிக்கு என் மனசு புரிந்தது.

'வீடு திரும்பு' என்பதை அழுத்தினேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. எனக்கு எச்சரிக்கை கொடுத்துத்தான் பழக்கம், படித்துப் பழக்கமில்லை. நன்மொழி தன் பழைய நூலகத்துக்குத் திரும்பினாள். யாரோ கதவைத் தட்டினார்கள். அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பவித்ரா போனை வாங்கித் திரையைப் பார்த்தாள். கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

"ஏம்மா, இவ இனி யாருகிட்டயும் பேசமாட்டா. எல்லாம் அழிஞ்சுபோச்சு."

"சாமியே சொல்லிருச்சு கண்ணு. செவப்புதான் வந்துச்சு."

"மொதல்ல என்ன வந்துச்சு?"

சாமி விஷயத்தில் பொய் சொல்ல எனக்குப் பயம். "வெள்ளை."

"அப்புறம்?"

"அதுவும் வெள்ளைதான்."

"அப்ப சாமி போகச் சொல்லிருச்சு," என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் பார்வையை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பார்வையை நான் அதற்குமுன் கண்டதில்லை. கூடத்தில் இருந்த என் வீட்டுக்காரர், அவள் தஞ்சாவூர் போகப் பெட்டி வாங்க எப்போது மலையிறங்கலாம் என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவள் தஞ்சாவூரில் படிக்கிறாள். சாயங்காலம் போன் எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலும் விடுதி வார்டனுக்குப் போன் போட்டுவிடுகிறேன். வீட்டில் நான் எதற்காவது 'வேண்டாம்' என்றால் போதும், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்கிறார்:

"மொதல்ல என்ன வந்துச்சு?"