ஈரப்பாசிக் குழுவின் ஒலி மாற்ற விண்ணப்பம்

ஒரு காட்டில், அதாவது ரஷ்ய தேசத்தின் வடகோடியில், பூர்ச்ச மரங்கள் வெள்ளைவெளேரென்று நிற்கிற ஒரு காட்டில், பொத்தாப் என்றொரு கரடி வாழ்ந்துவந்தான். தேன் திருடி மாட்டிக்கொண்ட கரடிகளைப் பற்றி ஆயிரம் கதை உண்டு. பொத்தாப் அந்த ரகம் இல்லை. அவன் பாட்டுக்காரன்.

பாலலைக்கா என்று அந்த ஊரில் ஒரு வாத்தியம். முக்கோணமாக இருக்கும், மூன்றே தந்தி. அதைத் தொப்பையின்மேல் சாய்த்துக்கொண்டு பொத்தாப் பாட ஆரம்பித்தால், கல்யாண வீட்டில் சமையல்காரர்கூடக் கரண்டியோடு வெளியே வந்துவிடுவார். அவனோடு மூன்று பேர். வர்வாரா என்கிற நரி பிடில் வாசிப்பாள். தீஹன் என்கிற முயல் குழல் ஊதுவான். ஃபோமா என்கிற மரங்கொத்திக்கு வாத்தியமே வேண்டாம், எதிரில் எந்த மரம் இருந்தாலும் தாளம்தான். குழுவின் பெயர் ஈரப்பாசி. பாட்டு ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். ஆற்றைக் கடந்த பெண்ணைப் பற்றி ஒன்று, அவளைக் கடக்கவிடாத ஆற்றைப் பற்றி ஒன்று. கேட்கிறவர்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் கரடி இனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பனி விழத் தொடங்கினால் படுக்கும், உருகும்போதுதான் எழும். ஐப்பசியில் போர்த்திக்கொண்டால் பங்குனியில்தான் பல் விளக்கும். பொத்தாப் தன் குகையின் கீழ்த்தளத்தில் வைக்கோலைப் பரப்பிக்கொண்டே சொன்னான்:

"மேல்தளத்தைப் பயிற்சிக்கு வெச்சுக்கோங்க. குளிருக்கு அடக்கமா இருக்கும். ஆனா ஒண்ணு. நான் எழுந்திரிக்கிற வரைக்கும் எதையும் மாத்தக் கூடாது."

"மாத்துவோமா அண்ணே?" என்றாள் வர்வாரா.

பங்குனியில் எழுந்து மேலே போனால், வர்வாராவின் தோளில் மின்சார கிட்டார் தொங்கியது. வனக்காவலரின் குடிசையிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். ஆற்றைக் கடந்த பெண் இப்போது ஏழு எண்ணிக்கையில் கடந்துகொண்டிருந்தாள். நம் ஊர்க் கச்சேரிகளில் இதை மிஸ்ர சாபு என்று சொல்லித் தொடையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் காட்டு வாத்துகளுக்கு அந்த வசதி இல்லை. முதல் கல்யாணத்திலேயே இருபது வாத்துகள் ஆடுவதற்காக ஒற்றைக் காலைத் தூக்கி, அதை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றன.

"யாருடா மாத்தினது?" என்று கேட்டான் பொத்தாப்.

"மாறலை அண்ணே. வளர்ந்திருக்கு," என்றான் தீஹன்.

பொத்தாப் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினான். ஏழு வரை எண்ண அவனுக்கு ஒரு கோடைகாலம் ஆயிற்று. பிடிபட்ட நேரத்தில் பனி வந்துவிட்டது. படுத்துவிட்டான்.

அடுத்த பங்குனியில் எழுந்தபோது பாட்டு இருபத்தாறு நிமிடமாகியிருந்தது. நடுவில் குழல் மட்டும் தனியாக எங்கோ போய், நெடுநேரம் எதையோ தேடிவிட்டு, வேறு சுருதியில் திரும்பி வந்தது. பாடகனான பொத்தாப்புக்குப் பத்தொன்பதாவது நிமிடத்தில் இரண்டே வரி. அதிலும் சொல் கிடையாது. "ஹ்ம்ம்" என்று ஒன்று, "அஹ்" என்று ஒன்று. ஓர் அணில் கல்யாணத்தில் முதல் பாட்டு முடிவதற்குள் பந்தி முடிந்து, பந்தலைப் பிரித்து, மாப்பிள்ளை வீட்டார் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கல்யாண அழைப்புகள் நின்றன. ஆனால் மூன்று காடு தள்ளியிருந்தெல்லாம் ஈரப்பாசியைத் தேடி மிருகங்கள் வர ஆரம்பித்தன. ஆடாமல் அசையாமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டன. முடிந்ததும் ஒரு மான் இன்னொரு மானிடம், "உனக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்கும். "இல்லை." "எனக்கும்தான். என்ன ஒரு வாசிப்பு!"

பொத்தாப்புக்கு மட்டும் வயிறு எரிந்தது. தான் கட்டிய வீட்டில் தானே வாடகைக்கு இருப்பதுபோல இருந்தது அவனுக்கு.

அந்தக் கோடையில் காட்டுக் கலாச்சார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பொத்தாப் போய் வரிசையில் நின்றான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிளாவ்தியா பெத்ரோவ்னா என்கிற சாம்பல் காகம் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷ சர்வீஸ். அலகில் எப்போதும் ரப்பர் ஸ்டாம்பு.

"கரடியாரே, உங்க குழு நாட்டுப்புறம்னு பதிவாகியிருக்கு. இப்ப வாசிக்கிறது அது இல்லைன்னு வாத்துகள் மனு கொடுத்திருக்கு."

"அப்ப ராக் இசைன்னு மாத்திடுங்கம்மா."

"ராக்குன்னா பாலலைக்கா வரக் கூடாது."

"ரெண்டும்னு போடுங்க."

"ரெண்டுக்குக் கட்டம் இல்லையே."

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். மேலே 'ஒலி மாற்ற விண்ணப்பம்' என்று அச்சடித்திருந்தது.

"இதுல நாலாவது கேள்விதான் முக்கியம். ஒலியை மாற்றியவர் யார்? அவர் பேரை எழுதி, அவரையே நேர்ல கூட்டிட்டு வரணும். வர்ற ஏப்ரல் முப்பது கடைசி. தவறினா குழு ரத்து. ஆற்றங்கரைத் திருவிழால மேடையும் கிடையாது."

ஆற்றங்கரைத் திருவிழா ஜூன் மாதத்தில் நடக்கும். அந்த நாட்களில் அங்கே சூரியன் இறங்கவே மாட்டான். அந்த மேடையில் ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும் என்பதுதான் பொத்தாப்பின் வாழ்நாள் ஆசை. அடுத்த வருஷத் திருவிழாவுக்குத்தான் முதல் முறையாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவன் மூவரையும் உட்காரவைத்துக் கேட்டான்.

"நான் இல்லை," என்றாள் வர்வாரா.

"நானும் இல்லை," என்றான் தீஹன்.

ஃபோமா மரத்தை இரண்டு தட்டு தட்டினான். இல்லை என்று அர்த்தம்.

"சரி. இந்தக் குளிருக்கு நான் தூங்கப் போறதில்லை. யார் மாத்துறாங்கன்னு என் கண்ணால பாக்கறேன்."

ஒரு கரடி குளிர்காலத்தில் விழித்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பொத்தாப் காபியை வாளியில் குடித்தான். ஐஸை உடைத்து ஆற்றில் முங்கினான். இமைகளைப் பைன் மரப் பிசினால் நெற்றியோடு ஒட்டிக்கொண்டான். பகல் முழுவதும் மேல்தளத்தில் போலீஸ்காரர் மாதிரி உட்கார்ந்து மூன்று பேரையும் முறைத்தான்.

மூவரும் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தார்கள். வாசி என்று அதட்டினால் பழைய பாட்டை வாசித்தார்கள். ஆற்றைக் கடந்த பெண் மூன்றே நிமிடத்தில் ஒழுங்காகக் கரையேறினாள். அதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பொத்தாப்புக்கே கொட்டாவி வந்தது. வாசித்து முடித்ததும் மூவரும் தரைப்பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நவம்பர் போயிற்று. டிசம்பரும் பாதி போயிற்று.

ஒரு நாள் மதியம் வர்வாரா கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் படுங்களேன்."

"நான் படுத்தா மாத்திடலாம்னு பாக்கறியா?"

"நாங்க எதையும் மாத்தலைண்ணே!" என்று தீஹன் கத்தினான். அவன் பெயருக்கே அமைதி என்றுதான் அர்த்தம். அவன் கத்தி யாரும் கேட்டதில்லை. "மாத்துறது நீங்கதான். நீங்க விடுற குறட்டைதான்!"

விஷயம் வெளியே வந்தது. முதல் குளிர்காலத்தில், கீழிருந்து பலகை வழியாக ஒரு சத்தம் வந்திருக்கிறது. உள்ளே இழுக்கும்போது ஏழு எண்ணிக்கை. வெளியே விடும்போதும் ஏழு. நடுவில் மூக்கிலிருந்து மெல்லிய விசில். பிடில் அந்த அதிர்வைத் தாங்கவில்லை, அதனால்தான் மின்சார கிட்டார். இரண்டாவது குளிர்காலத்தில் குறட்டை முற்றிவிட்டது. ஒரு கனவு தொடங்கி முடிய இருபத்தாறு நிமிடம். பத்தொன்பதாவது நிமிடத்தில் புரண்டு படுத்து "ஹ்ம்ம்" என்பான், பிறகு "அஹ்" என்பான்.

"நாங்க சும்மா எழுதி மட்டும் வெச்சுக்கிட்டோம்," என்றாள் வர்வாரா. "சொன்னா நீங்க மூக்கை அடைச்சுப்பீங்களோன்னு பயம்."

பொத்தாப் நம்பவில்லை. "நான் பரம்பரைப் பாட்டுக்காரன். என் மூக்கிலிருந்து ஏழு வருமா?" என்று கேட்டான். சாட்சி வேண்டும் என்றான். வர்வாரா தன் செல்போனை வைக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிசினைக் கழுவியதுதான் தாமதம், பொத்தாப் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டான்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி எழுப்பி, செல்போனைக் காதில் வைத்தார்கள். பொத்தாப் தன்னையே கேட்டான். பனிப்பாளம் விரிசல் விடுவதுபோல ஓர் இழுப்பு. நிறுத்தம். தொலைவில் யாரோ விசிலடித்துக்கொண்டு நடந்து போவதுபோல ஒரு மூச்சு. பத்தொன்பதாவது நிமிடத்தில் அந்த "ஹ்ம்ம்" வந்தபோது அவனுக்கு மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது. இவ்வளவு காலம் தொண்டை கிழியப் பாடியும் இப்படி ஒன்று தனக்கு வாய்த்ததில்லை என்று நினைத்தான். விழித்திருந்த பொத்தாப்புக்குத் தூங்குகிற பொத்தாப்பின்மேல் பொறாமை வந்தது.

ஆனாலும் மேடை முக்கியம். படிவத்தில் நாலாவது கேள்விக்கு நேரே 'பொத்தாப்' என்று எழுதிக்கொண்டு, நால்வரும் அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

கிளாவ்தியா பெத்ரோவ்னா விவரத்தைக் கேட்டுவிட்டுப் படிவத்தைத் திருப்பித் தள்ளினாள்.

"மாத்தினவர் தூங்குறவர். நீங்க முழிச்சிருக்கீங்க."

"ரெண்டும் நான்தாம்மா."

"இருக்கலாம். ஆனா அவர்தான் நேர்ல வரணும். அடுத்த ஆள் வாங்க."

பொத்தாப் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனான். ஏப்ரல் மாதக் கடைசியில் அந்த அலுவலகத்தில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் மகிமை தெரியும். கூடு மாற்றும் பறவைகள், வளை எல்லைத் தகராறுக்கு எலிகள், பிறப்புச் சான்றிதழுக்கு எழுபது முயல்கள். ஒரு மணி நேரத்தில் வரிசை ஒரு வால் அளவு நகர்ந்தது. சுவரில் மின்விசிறி முனகியது. உலகத்தில் எந்தக் காபியாலும் முடியாததை எதிர்த்து ஒரு கரடி எவ்வளவு நேரம் நிற்க முடியும்? பொத்தாப் நின்றபடியே தூங்கிப்போனான்.

குறட்டை எழுந்தது. வர்வாரா கிட்டாரை எடுத்தாள். தீஹன் குழலை எடுத்தான். ஃபோமா அலுவலகக் கதவைத் தட்டத் தொடங்கினான். வரிசையில் இருந்த அத்தனை பேரும் தங்கள் எண்ணை மறந்து நின்றார்கள். தூங்குகிறவன் மெல்ல மெல்லத் தள்ளப்பட்டு ஜன்னலுக்கே வந்துவிட்டான். கிளாவ்தியா பெத்ரோவ்னா அவன் பாதத்தை மையில் அழுத்திக் கைநாட்டு வாங்கிக்கொண்டாள். நாட்டுப்புறத்தையும் ராக்கையும் அடித்துவிட்டு, ஓரத்தில் 'உறக்கம்' என்று எழுதி ஸ்டாம்பு குத்தினாள்.

எழுந்து சான்றிதழைப் படித்தபோதுதான் பொத்தாப்புக்கு விஷயம் தெரிந்தது. 'குழுத் தலைவர்: பொத்தாப் (தூங்குபவர்). பொத்தாப் (விழித்திருப்பவர்) நீக்கப்படுகிறார். மேடையில் அவர் காணப்பட்டால் ஆள்மாறாட்டமாகக் கருதப்படும்.'

ஜூன் வந்தது. ஆற்றங்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் மிருகங்கள். மேடை நடுவில் வைக்கோல் படுக்கை. முதல் வரிசையில் கிளாவ்தியா பெத்ரோவ்னா, நோட்டும் பேனாவுமாக. பொத்தாப் படுத்துக் கண்ணை மூடினான்.

தூக்கம் வரவில்லை. எப்படி வரும்? வாழ்நாள் ஆசை நிறைவேறுகிற நேரத்தில் எவனுக்குத் தூக்கம் வரும்? சூரியன் வேறு இமைக்குமேல் சுள்ளென்று அடித்தது. கூட்டம் காத்திருந்தது. கண்ணைத் திறந்தால் ஆள்மாறாட்டம். திறக்காமல் சும்மா கிடந்தால் குழுவுக்கு அவமானம்.

பொத்தாப் பொய்க் குறட்டை விட்டான்.

முதல் மூச்சு ஒழுங்காகத்தான் வந்தது. அதற்குள் ஒரு கொசு மூக்கு நுனியில் உட்கார்ந்தது. அடிக்க முடியாது. மூச்சு ஐந்தில் அறுந்தது. இரண்டாவது கொசு காதுக்குள் போயிற்று. மூச்சு பதின்மூன்றுக்கு நீண்டது. வடக்கத்திக் கொசு ஒன்று கடித்தால் குதிரையே துள்ளும். பொத்தாப்பைக் கடித்தவை நூறு. அவன் திணறினான், விக்கினான், தும்மலை விழுங்கினான். மூவரும் வாசித்தபடியே விடாமல் அந்த மூச்சின் பின்னாலேயே ஓடினார்கள். அதுவரை அந்தக் காடு கேட்டிராத ஒரு சத்தம் ஆற்றின்மேல் எழும்பியது.

பொத்தாப் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். தன் குழு குறட்டையோடு சேர்ந்து வாசிப்பதை அவன் கேட்பது அதுவே முதல் முறை. முடிந்ததும் கரவொலி இடிபோல எழுந்தது. எழுந்து ஒரு கும்பிடு போட உடம்பு துடித்தது. போடவில்லை.

வர்வாரா குனிந்து அவன் காதில் விம்மினாள். "அண்ணே, இதைக் கேக்க உங்களுக்குக் கொடுத்துவைக்கலையே."

கிளாவ்தியா பெத்ரோவ்னா மேடையேறி வந்து, நெஞ்சு ரோமத்தில் ஒரு பதக்கத்தைக் குத்தினாள். ஊசி தோலைத் தாண்டி உள்ளே போயிற்று. பொத்தாப் அசையவில்லை.

"உண்மையான தூக்கம்," என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். "ஆயுட்காலத் தலைவர் பதவிக்குப் பரிந்துரைக்கிறேன்."

நீதி: தூங்குகிறவனை எழுப்பிவிடலாம். தூங்குவதுபோல் நடிப்பவனுக்குப் பதக்கம் குத்தத்தான் முடியும்.