கிராணி வீட்டுக் குடில்

சூசையப்பரின் மூக்கு மூன்றாவது தடவையாகக் கழன்று விழுந்தது. ரெஜினா அதைத் தரையிலிருந்து பொறுக்கி, எச்சில் தொட்டு ஒட்டப் போனாள். அர்ச்சிஷ்டவர் முகத்தில் எச்சில் வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, தண்ணீர் தொட்டு ஒட்டினாள். மூக்கு நின்றது. காது விழுந்தது.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்து நாள். நாத்தனார் அமலம்மாள் வருவதற்கு மூன்றே நாள்.

நாத்தனார் என்றால் ஏதோ ஊர் உலகத்தில் இருக்கிற நாத்தனார் இல்லை. ரெஜினாவின் புருஷன் பாக்கியநாதனைத் தாயில்லாக் குறை தெரியாமல் வளர்த்து ஆளாக்கிய அக்காள். தைப்பிங்கில் ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை குட்டி இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் தம்பி கல்யாணத்துக்கு வந்தபோது, மணப்பெண்ணின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்ச பொண்ணு. கையில ஒரு வேலையும் ஏறாது" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை ரெஜினாவின் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த மதினி வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும். ஜென்மத்தில் வேறு ஆசை கிடையாது.

ரெஜினாவுக்குக் கையில் வேலை ஏறாது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். அவளால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவே முடியாது. பிஸ்கட் டின்னில் கப்பல் செய்வாள். சிகரெட் டப்பாக் காகிதத்தில் நட்சத்திரம் வெட்டுவாள். மூத்தவன் இன்னாசிக்கும் சின்னவன் சவரிக்கும் குடைத்துணியில் ஆளுக்கொரு வவ்வால் தைத்துக் கொடுத்திருந்தாள். பழைய குடை என்று அவள் சொல்வாள். போன மாதம் வாங்கிய குடை என்று பாக்கியநாதன் சொல்வான்.

ஆனால் மதினி வேறு தரத்து ஆள். ஒவ்வொரு வருஷமும் தைப்பிங்கிலிருந்து கடிதம் வரும். குடில் பொம்மை எல்லாம் இந்தத் தடவையும் என் கையாலேயே செய்தேன், மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், சிறகு வைத்த சம்மனசு, ஆடு மாடு எல்லாம் ஒன்றுபோல அமைந்தது, சாமியார் அசந்துபோனார் என்று இருக்கும். எதில் செய்தாள், எப்படிச் செய்தாள் என்று ஒரு வரி இருக்காது. கடைசியில் மட்டும், ரெஜினா என்ன செய்தாள் என்று கேட்டிருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் ஓயாது. அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்க்கிற பாக்கியநாதனுக்கு லீவு கிடைக்காது. அதனால் அந்தப் பொம்மைகளைப் பார்க்கிற பாக்கியம் இவர்களுக்கு வாய்க்கவில்லை.

இந்த வருஷம் லீவு கிடைத்தது. அக்காள் இங்கே வருவதாகவும், இருபத்தாறாம் தேதி அத்தானும் வந்து சேர்ந்ததும் எல்லோருமாக மலை ரயிலேறிப் பினாங்கு மலைக்குப் போவதாகவும் ஏற்பாடு. அந்தச் சந்தோஷத்தில் ரெஜினா கை துறுதுறுத்து எழுதிவிட்டாள்: "குடில் என் பொறுப்பு மதினி. பொம்மை எல்லாம் நானே செய்கிறேன்."

பதில் உடனே வந்தது: "செய். நானும் கொண்டு வருகிறேன். எது நன்றாயிருக்கிறதோ அதை வைப்போம்."

அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில் களிமண்ணில் செய்தாள். இரண்டு நாள் விடாமல் மழை. கூரை ஒழுகி மூன்று ராஜாக்களும் ஒரே ராஜாவாகிவிட்டார்கள். பிறகு கோதுமை மாவில் உப்பைக் கொட்டிப் பிசைந்து செய்தாள். கண்ணுக்கு மிளகு வைத்தாள். உருவம் வந்தது, ஆனால் காயவில்லை. வெயில் தலைகாட்டிய அரைமணி நேரத்தில் முற்றத்தில் வைத்தால் காக்கை ஒரு ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனது. அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாள். அன்றைக்குப் பார்த்துக் கருவாடு பொரித்தாளா, சம்மனசு உட்பட எல்லோரும் பசார் மீன்கடை வாசனை அடித்தார்கள்.

பாக்கியநாதன்தான் வழி சொன்னான். தெருமுனை ரொட்டிக்கடை அப்துல் ஹமீது பாயின் அடுப்பு, ரொட்டி எடுத்த பிறகும் வெகுநேரம் சூடாக இருக்கும். ஒரு ராத்திரி அதில் வைத்தால் கல்லாகக் காய்ந்துவிடும். தட்டில் துணி போட்டு மூடி அவனே கொண்டுபோய், கிராணி பாக்கியநாதன் வீடு என்று சீட்டு எழுதி வைத்துக் கடை ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை, அதாவது மதினி வருகிற இருபத்துமூன்றாம் தேதி, தட்டு வந்தது. ரெஜினா துணியை விலக்கினாள். விலக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சூசையப்பர் அவள் அனுப்பியதைப் போல இரண்டு மடங்கு பெரியவராக, பொன்னிறமாக, பளபளவென்று இருந்தார். மாதாவின் முக்காட்டில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம். ராஜாக்களின் கிரீடத்தில் பல் பல்லாக வெட்டு.

"என்னங்க, இது நான் செஞ்சதா?"

"அடுப்புல வெச்சா மாவு உப்பத்தானே செய்யும்" என்றான் பாக்கியநாதன், ஆபீஸ் கடுதாசிக்குப் பதில் எழுதுகிற தோரணையில்.

நான் மிளகில் வைத்த கண் எப்படிக் கிஸ்மிஸ் கண்ணாகும் என்று அவள் கேட்டாள். மிளகு கருகியிருக்கும், பாய் நல்ல மனுஷன், மாற்றி வைத்திருப்பார் என்றான். முக்காட்டுச் சுருக்கத்துக்கும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது. மாவு பிசைந்தது நீதானே, அப்புறம் என்ன என்று முடித்துவிட்டான். ரெஜினாவின் மனசாட்சி சற்று முனகியது. மத்தியானம் மதினி வருகிறாள் என்பதை நினைத்ததும் அது வாயை மூடிக்கொண்டது.

குடிலில் எல்லோரையும் நிறுத்தி வைத்தாள். அப்போதுதான் அடுத்த வினை ஆரம்பித்தது. உப்பு மாவு, வாயில் வைத்தால் குமட்டும் என்று பிள்ளைகளை எச்சரித்திருந்தாள். சவரி ஒரு ஆட்டின் காலை நக்கிப் பார்த்துவிட்டு, "இனிக்குது" என்று அண்ணனிடம் அறிக்கை சமர்ப்பித்தான். ஐந்து நிமிஷத்தில் ஒரு ஆடு குறைந்தது. எறும்பு வராமல் இருக்கக் குடில் மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள். இன்னாசி கிண்ணத்தில் கால் வைத்து வழுக்கி, விழாமலிருக்கச் சம்மனசைப் பிடித்தான். சம்மனசின் ஒரு சிறகு அவன் கையோடு வந்தது. வந்த சிறகை வீணாக்கக் கூடாதென்று தின்றுவிட்டான்.

மத்தியானம் பெர்ரியிலிருந்து இறங்கி ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்தாள் அமலம்மாள். பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினாள். தம்பி இளைத்துவிட்டான் என்றாள். பிறகு குடிலைப் பார்த்தாள்.

பார்த்தபடியே நின்றாள். கிட்டே போய் சூசையப்பரைக் கையில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள்.

"இதை நீயா செஞ்சே?"

"ஆமா மதினி."

"உன் கையாலயா?"

"என் கையாலதான்."

அமலம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். முழுச் செம்பையும் குடித்தாள். அதன் பிறகு, யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்ததைப் போல, "நல்லா செஞ்சிருக்கே" என்றாள்.

ஆறு வருஷத்து முள் அந்த நிமிஷம் கழன்று விழுந்தது. ரெஜினாவுக்கு ஆனந்தத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. நீங்கள் கொண்டுவருவதாக எழுதினீர்களே, அது எங்கே என்று கேட்டதற்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்று மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோற்றுப்போன வருத்தம் என்று ரெஜினா நினைத்தாள். பாவமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

இருபத்துநாலாம் தேதி விடிந்ததும், கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருகிறேன் என்று கூடையை எடுத்துக்கொண்டு மதினி கிளம்பினாள். பாவத்தைச் சொல்லக் கூடை எதற்கு என்று ரெஜினா கேட்கவில்லை. போனவள் காலிக் கூடையும் வாடிய முகமுமாகத் திரும்பி வந்தாள்.

அதற்குள் வீட்டில் பிரளயம். பிள்ளைகள் விடிகாலையில் எழுந்து, ஒரு ராஜாவையும் மூன்று ஆடுகளையும் காலைப் பலகாரமாக முடித்திருந்தார்கள். சாயந்திரம் நாலு மணிக்குப் பங்குச் சாமியார் குடிலை மந்திரிக்க வருகிறார். இரண்டே ராஜாக்கள் நிற்கிற குடிலை எந்தச் சாமியார் மந்திரிப்பார்?

"இதுக்குப் போயா கவலை?" என்றான் பாக்கியநாதன். "மாவு வாங்கிட்டு வரேன். பொம்மை செய்யறதுல கைதேர்ந்தவங்க ஒண்ணுக்கு ரெண்டு பேர் வீட்டுல இருக்கீங்க. சேர்ந்து செஞ்சிடுங்க."

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய் மாவு வாங்கி வந்துவிட்டான்.

பிசைந்த மாவு நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் ரெஜினா, அந்தப் பக்கம் மதினி. இப்போது கை வைத்தால் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்று ரெஜினா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நீங்கள் பெரியவர்கள், நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றாள். இது உன் வீடு, உன் கைதான் முதலில் பட வேண்டும் என்றாள் மதினி. உங்கள் கைப்பக்குவத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எத்தனை நாளாகக் காத்திருக்கிறேன் தெரியுமா என்றாள் ரெஜினா. மதினி தன் வலதுகை ஆள்காட்டி விரலில் காலையில் இல்லாத ஒரு துணிக்கட்டைக் காட்டினாள்.

"நகச்சுத்தி."

மாவு கொஞ்சம் ஊறட்டும் என்று ரெஜினா சொன்னாள். நன்றாக ஊறட்டும் என்று மதினி ஒத்துக்கொண்டாள். இரண்டு பேருமாக ஒன்றரை மணி நேரம் மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி இரண்டரை ஆனதும் வேறு வழியில்லை. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து ஒரு ஆடு செய்தார்கள். இவள் தலையை உருட்டினாள், அவள் உடம்பைத் தட்டினாள். செய்து முடித்ததும் சவரியைக் கூப்பிட்டு, இது என்ன சொல்லு என்று கேட்டார்கள். அவன் தயங்காமல், "ஆமை" என்றான்.

முதலில் சிரித்தது மதினிதான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். ரெஜினாவும் சேர்ந்துகொண்டாள். பெத்லகேமில் ஆமை இருந்திருக்கக் கூடாதா என்ன என்று மதினி கேட்க, மறுபடியும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்று சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று மதினி மாவுக் கையால் அவள் தாடையைத் தொட்டாள். ரெஜினா உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வாசலில் சாமியாரின் சைக்கிள் மணி அடித்தது.

பிரெஞ்சு சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு குடில் முன்னால் வெகுநேரம் நின்றார். மிக அழகான வேலை, யார் செய்தது என்று தமது நிறுத்தி நிதானித்த தமிழில் கேட்டார். இரண்டே ராஜாக்கள் நிற்பதைப் பற்றியோ ஆமையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

ரெஜினா தரையைப் பார்த்தாள். சாமியாரிடமே பொய் சொல்வதா? அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே மதினி முன்னால் வந்தாள்.

"என் தம்பி பெஞ்சாதிதான் சாமி. இப்படி ஒரு கை இந்தச் சீமையிலயே கிடையாது."

ரெஜினாவின் கண் நிறைந்துவிட்டது. கேட்ட வரம் கிடைத்துவிட்டது, கூடவே குற்ற உணர்ச்சியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் அப்துல் ஹமீது பாய் வந்து நின்றார். கையில் துணி போட்டு மூடிய ஒரு தட்டு. சாமியாரைக் கண்டதும் சலாம் சொல்லிவிட்டு, ரெஜினாவிடம் தட்டை நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கடை ஆள் தட்டை மாத்திக் குடுத்துட்டான். ரெண்டு சீட்டுலயும் கிராணி பாக்கியநாதன் பேர் இருந்தா அவனும்தான் என்ன செய்வான். நீங்க காய வைக்கக் குடுத்தது இதுதான்."

துணிக்கு அடியில், மிளகுக் கண்ணும் கருவாட்டு வாசனையுமாக அவளுடைய சொந்தப் படைப்புகள் சப்பையாகப் படுத்துக் கிடந்தன. சாமியாரின் கை ஓங்கியபடியே நின்றது. பாக்கியநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரெஜினாவுக்குக் காது இரண்டும் எரிந்தது. மதினியின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"அப்போ உள்ள வெச்சிருக்கிறது யாரோடது, பாய்?"

பாய் அவளைத் தாண்டி அமலம்மாளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"காலையில கடைக்கு வந்து கேட்டாங்களே, இந்தத் தைப்பிங் அம்மாவோடதுதான்லா. தம்பி பேர்ல சீட்டு எழுதி வெக்கச் சொல்லியிருந்தாங்க. எட்டு வருஷமா நான்தானே சுட்டு ரயில்ல அனுப்புறேன்."