மதுக்கரை ஓடையில் ஒரு சுறாப் பல்

ஒரு வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையாகப் போகிறவனுக்குக் கொஞ்ச நாளில் ஒரு வியாதி வந்துவிடும். தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்ப ஆரம்பித்துவிடுவான். எனக்கு அது முற்றியிருந்த சமயத்தில்தான் என் கொழுந்தியா பிரியாவுக்குப் பெருந்துறையிலிருந்து வரன் வந்தது. பையன் கார்த்தி, பல் டாக்டர்.

பையன் வீட்டார் துடியலூரில் என் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாயங்காலம் நிச்சயத் தேதி பேசுவதாக ஏற்பாடு. அதுவரை சும்மா இருப்பானேன் என்று, "வாங்க, மதுக்கரைப் பக்கம் ஓடையில சுறாப் பல் தேடலாம்" என்று இரண்டு வீட்டாரையும் கிளப்பினேன்.

என் ஆராய்ச்சி இதுதான். அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். அங்கே ஓடைகளில் கல்லாகிப்போன சுறாப் பல் கிடைக்கிறதாம் (உபயம்: யூடியூப்). அரியலூரில் சிமென்ட் ஆலை இருக்கிறது. மதுக்கரையிலும் இருக்கிறது. ஆகவே மதுக்கரையிலும் சுறா! மோட்டார் பம்பு விற்கிறவனுக்கு இவ்வளவு அறிவு எதற்கு என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம்.

வழியெல்லாம் மாமனார் கார்த்தியிடம் தன் பல்லின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார். "அறுபதைத் தாண்டிப்போட்டனுங்க தம்பி. ஒரு பல்லு ஆடலீங்க. கரும்பை இன்னும் கடிச்சுத்தான் திங்கறனுங்க."

ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, மாமியாரின் அரிசிச் சல்லடையால் மணலை அலசினேன். மாமனார் கடலை மிட்டாயை மென்றபடி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் கூழாங்கல். உடைந்த பாட்டில். அப்புறம், சல்லடை நடுவில், வெள்ளையாக, கூராக...

"சுறா!" என்று நான் கத்தியதில் கரையில் மேய்ந்த ஆடுகள் ஓடின.

கார்த்தியின் அம்மா, எங்கள் வருங்காலச் சம்பந்தியம்மா, கையில் அதை வைத்து விளக்கினேன். "உள்ள குழியா இருக்கு பாருங்க. கோடிக்கணக்கான வருசத்துல சதையெல்லாம் கரைஞ்சு போச்சு. மேல என்ன பளபளப்பு!" அவர் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

கார்த்தி வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, இது செராமிக் கேப்புங்க. மனுசங்களுக்குப் பல்லுக்கு மேல மாட்டறது."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் பல் டாக்டருக்குப் பல்லைப் பற்றிப் பாடம் எடுத்தேன். "தம்பி, நீங்க உயிரோட இருக்கறவங்க பல்லைத்தான் படிச்சிருப்பீங்க. இது வேற சப்ஜெக்ட்."

கார்த்தியின் பார்வை மெல்ல நகர்ந்தது. மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆலைப் புகைபோக்கியை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்திக்குப் புரிந்துவிட்டது. "யாரோ குளிக்க வந்தவங்க தொலைச்சிருப்பாங்க" என்று அதைச் சட்டைப்பையில் போட்டார். என் மனைவி என் காலை மிதித்தாள். (எதற்கு மிதிக்கிறாள் என்று கேட்டு, இன்னொரு மிதியும் வாங்கினேன்.)

"ஏன் மாமா, நீங்க ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க? சுறாவா இல்லையா, நீங்களே சொல்லுங்க!"

அவர் துண்டை எடுத்தார். "ஃபோதும் மாஃப்ளை. ஊட்டுக்கு ஃபோலாம்."

முன்வாயின் ஓரத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். பிரியா அழுகிற மாதிரி நின்றாள். சம்பந்தம் ஓடையோடு போயிற்று என்றே நினைத்தேன். கார்த்தியோ மாமனாரை முன் சீட்டில் ஏற்றி, கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் நண்பரின் கிளினிக்கைத் திறக்கச் சொல்லி, பல்லை ஒட்டிக் கூட்டிவந்தார். சாயங்காலம் மாமனார் கணீரென்று பேசித் தேதி குறித்தார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

இன்றைக்கு அந்த வீட்டில் எந்த யோசனையும் சகலையிடம்தான் கேட்கப்படுகிறது. பம்பு ரிப்பேர் உட்பட. எனக்கென்று ஒரே ஒரு துறையை விட்டுவைத்திருக்கிறார்கள். சொந்தத்தில் எந்தக் குழந்தைக்குப் பால் பல் விழுந்தாலும் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, "மாமா, இது எந்தக் காலத்துச் சுறாங்க?" என்று கேட்பார்கள். முதல் ஆளாகச் சிரிப்பு பொம்மை போடுகிறவர் மாமனார். போன வாரம் படம் போட்டது என் சொந்த மகள்.