எங்கள் குடும்பத்தில் வீடில்லாதவர் யாருமில்லை

நம் குடும்பத் தலைவர் பட்டத்தைச் சுமந்து, சமோவாவில் சவாயித் தீவின் ஊர்க்கூட்டத்தில் எங்கள் எல்லோருக்காகவும் பேசுகிற மதிப்புக்குரிய அண்ணன் தோமாசிக்கு, நியூசிலாந்தில் ஆக்லாந்தின் தென்கோடியிலிருந்து தம்பி மாத்தாயோ பணிவோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அண்ணியும் பன்றிகளும் தேவாலயத்தின் புதுக் கூரையும் சுகமென்று நம்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிற இடம் கொஞ்சம் குறுகல்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மகள் லாகி பிள்ளைகளோடு ஆக்லாந்துத் தெருவில் நிற்பதாகப் போதகரின் மனைவி தீவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாராமே. அந்த அம்மாளிடம் சொல்லுங்கள்: மாத்தாயோ உயிரோடு இருக்கும்வரை நம் ரத்தத்தில் வீடில்லாதவர் என்று ஒருவர் கிடையாது. லாகி என் வீட்டில் இருக்கிறாள். என் கட்டிலையே அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். லாகி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரன் விலை ஏறியதும் வீட்டை விற்றுவிட்டான், வாங்கியவன் வாடகையை ஏற்றினான், அவள் புருஷன் இரண்டு வேலை பார்த்தும் கட்டுப்படியாகவில்லை, வேறு வீடு தேடினால் இத்தனை பிள்ளைகளா என்று தரகர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஆகவே பாய் தலையணை பானை சகிதமாக என் வாசலில் வந்து இறங்கினார்கள். கூடத்தில் ஏற்கெனவே என் மனைவி லுவீசாவின் தம்பி குடும்பம் இருந்தது. அவர்கள் கார் கொட்டகைக்குப் போனார்கள், கொட்டகையிலிருந்த சலவை இயந்திரம் வெளியே போய் மழையில் நனைந்து உயிரை விட்டது, லுவீசா கையால் துவைத்துத் துணியைக் கூடத்திலேயே காயப்போட, சுவரெல்லாம் பூசணம் பூத்து, லாகியின் கடைக்குட்டி தூயிக்கு இளைப்பு வந்துவிட்டது. காலையில் கழிப்பறை வரிசை தெருவாசல்வரை நீளுகிறது. பக்கத்து வீட்டுத் தோங்கா தீவுக்காரர் ஏதோ இலவசமாகத் தருகிறார்கள் என்று நினைத்து ஒரு நாள் தானும் வந்து நின்றுகொண்டார். அவரையும் உள்ளே விட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து ஜில்லியன் என்றொரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். லாகிதான் என்னைக் கேட்காமல் கூப்பிட்டிருக்கிறாள். வந்தவளை உட்காரவைத்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்புக் கிழங்கும் டின் மாட்டிறைச்சியும் வைத்தோம். அவள் ஒரு வாய் சாப்பிடுவாள், தலைகளை எண்ணுவாள், பின்பக்கமிருந்து புதிதாக ஒரு தலை வரும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

“ஐயா, உங்க வீட்டுல படுக்கறவங்கள்ல பாதிக்கு மேல வீடில்லாதவங்கன்னுதான் எங்க கணக்குல வருவாங்க.”

“ஏம்மா, என் கூரைக்குக் கீழ உக்காந்து என் சேம்பைத் தின்னுக்கிட்டு இருக்கறவங்களுக்கா வீடில்லைங்கற?”

“போக்கிடம் இல்லாம இப்படி ஒண்டிக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு அதுதான் ஐயா. நீங்க ஒத்துக்கிட்டா லாகி பேரை அரசாங்க வீட்டு வரிசையில மேல ஏத்தலாம். குழந்தைக்கு நெஞ்சு இழுக்குதே.”

“எங்க சமோவாவுல வீட்டுக்குச் சுவரே கெடையாது. வீடில்லாத ஆளும் கெடையாது, தெரியுமா?”

லாகி குறுக்கே வந்தாள். “சித்தப்பா, ‘ஆமா’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

“சும்மா இரு. உங்கப்பா காதுல விழுந்தா என்ன ஆகும்?”

“எங்கப்பா காதுக்கு நல்லா இருக்கணும்னு எம்புள்ள மூச்சுத் திணறணுமா?”

பெண் பிள்ளைக்கு உங்கள் வாய் அப்படியே வந்திருக்கிறது அண்ணா. நான் ஜில்லியனைப் பிடித்துக்கொண்டேன். “எண்ணுறதுக்கு வருஷா வருஷம் ஆள் அனுப்பறீங்க, கட்டுறதுக்கு ஒருத்தரையும் காணோமே?” என்றேன். எதிர் வீட்டைக் காட்டினேன். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது; விலை இன்னும் ஏறட்டும் என்று சொந்தக்காரன் காத்திருக்கிறான், புல் வெட்ட மட்டும் ஆள் வருகிறான். நம்மூரில் ஒரு வீடு அப்படிச் சும்மா கிடக்க, ஒரு குழந்தை பூசணத்தில் படுத்தால், ஊர்க்கூட்டத்தில் நீங்கள் எழுந்து அது யார் வீடென்று கேட்கமாட்டீர்களா? ஜில்லியன் இன்னொரு சேம்பு எடுத்துக்கொண்டாள்.

“எழுதிக்கோ, இந்த வீட்டுல வீடில்லாதவங்க யாருமில்லை” என்று சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அன்று நான் நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதிலிருந்து லாகி என் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள், போகட்டும். வந்தவரில் ஒருவரைக்கூடத் தெருவுக்கு அனுப்பாத குடும்பம் நம்முடையது. செத்தாலும் இந்தப் பெருமையோடுதான் சாவேன்.

இதைப் போதகரின் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். உங்கள் பட்டமும் ஆயுளும் நீளட்டும், சேம்புத் தோட்டம் செழிக்கட்டும், கடல் உங்களுக்கு மீன் குறைக்காமல் இருக்கட்டும்.

உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
மாத்தாயோ

பின்குறிப்பு: போதகரின் மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது தூயி இருமுவது வேனுக்குள்வரை கேட்டது. ஆம், வேன்தான். லாகிக்குக் கட்டிலைக் கொடுத்த நாளிலிருந்து முற்றத்தில் நிற்கும் வேனில் படுக்கிறேன். இந்தக் கடிதமும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்து எழுதியது. அந்தப் பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதைக் கேட்டுக்கொண்டு என்னால் பெருமையடிக்க முடியவில்லை அண்ணா. வண்டியைக் கிளப்பி நேரே ஜில்லியனிடம் போய், “ஆமா” என்றேன். அவள் லாகியின் குடும்பத்தை வரிசையின் மேலே ஏற்றினாள், லுவீசாவின் தம்பி குடும்பத்தையும் சேர்த்தாள். பிறகு என் கழுத்துப் பிடிப்பைப் பார்த்துவிட்டு, “நீங்க எங்க படுக்கறீங்க ஐயா?” என்று கேட்டாள்.  “என் பேரையும் எழுதிக்கோம்மா, ஆனா கடைசியில எழுது” என்றேன். “விருந்தாளிங்களுக்கு அப்புறந்தான் வீட்டுக்காரன்.”