தட்டினியா, உதைச்சியா?

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் முன்னால் நிற்பவரிடம் வழி கேட்கக் கூசி, என் நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தவன் நான். (அடுத்ததிலும் கேட்கத் தைரியம் வராமல் ஒருநாள் கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறேன்.) அப்படிப்பட்டவன் ஒரு மண்டபம் நிறைய ஜனங்கள் பார்க்க, அரை நிஜாரோடு மேடையேறி முன்பின் தெரியாத ஒருவரை உதைத்தேன். உதைத்ததைக்கூட வீட்டில் மறந்துவிட்டார்கள். உதைத்த பிறகு செய்ததைத்தான் மறக்க மாட்டேன் என்கிறார்கள்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். பிழைப்புக்காக மராத்தி தேசம் போய், கசார்வாடியில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் மெஷினில் நின்றேன். பக்கத்து மெஷினில் சந்து. மராத்திக்காரன், என் வயதுதான். பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சாயங்காலம் சண்டைப் பயிற்சி நடத்தினான். குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப்பிடி எல்லாம் கலந்த சண்டை. "அண்ணா, நீயும் வா" என்று கூப்பிட்டான். முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

பிம்ப்ரியில் போட்டி வந்தது. அதற்கு முந்தின வருடம் எங்கள் கொட்டகை ஆள் ஒருவன் எதிராளியின் தோளைக் கடித்துவிட்டான். இன்னொருவன் நடுவரையே தள்ளிவிட்டான். இரண்டு பேரும் தகுதிநீக்கம். மூன்றாவது ஆளும் அப்படி வெளியேறினால் கொட்டகைக்கே இனிமேல் இடமில்லை என்று நடத்துகிறவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த முறை போவது நான் ஒருவன்தான்.

"ஜெயிச்சா நல்லது. தோத்தாலும் சாலேல்," என்றான் சந்து. பரவாயில்லை என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "ஆனா டிஸ்குவாலிஃபை மட்டும் நக்கோ, வேண்டாம் அண்ணா. கொட்டகையைப் பூட்டிட வேண்டியதுதான்." சொல்லிவிட்டு என் கையில் ஒரு தாளைத் திணித்தான். முப்பத்தொரு விதிகள், எல்லாம் இங்கிலீஷில்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் மனைவி சாந்தி பன்னிரண்டாவது வரை படித்தவள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, சப்பாத்தி தேய்த்தபடியே ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள்.

"எதிராளி கண்ணுல விரலை விடக் கூடாது."

"நான் எதுக்கு விடப்போறேன்?"

"கேட்டா சரின்னு மட்டும் சொல்லுங்க. முடியைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. உடம்புல எண்ணெய் இருக்கக் கூடாது. கீழ விழுந்தவன் தலையில உதைக்கக் கூடாது." பூரிக்கட்டை நின்றது. அகராதியைப் புரட்டினாள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்னடி?"

"கூச்சப்படக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"விளையாடாத."

"சத்தியமாங்க. சண்டை போடாம கூசி ஒதுங்கி நின்னா அதுவும் தப்பாம். எச்சரிப்பாங்களாம், அப்புறம் வெளிய அனுப்பிடுவாங்களாம்."

மற்ற முப்பது விதிகளையும் என்னால் காப்பாற்ற முடியும். இந்த ஒன்றை நான் பிறந்ததிலிருந்து மீறிக்கொண்டிருக்கிறேன். தாளைத் தயாரித்தவர் என்னை எங்கோ பார்த்திருக்கிறார் என்றே அன்று நினைத்தேன்.

போட்டி நாள் காலையில் எண்ணெய்க்குப் பயந்து மூன்று தடவை சோப்புப் போட்டுத் தலைகுளித்தேன். நகத்தை ரத்தம் வரும்வரை வெட்டினேன். மேடையில் நடுவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார், தலையைத் தொட்டுப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். (ஐந்தாம் வகுப்பில்கூட யாரும் என்னைப் பார்த்து அப்படித் தலையாட்டியதில்லை.) எதிரே கட்கியிலிருந்து வந்த உயரமான ஆள். மூன்றாவது வரிசையில் சாந்தி, மடியில் ஒரு வயது மகள்.

மணி அடித்தது. கூச்சப்படக் கூடாது, கூச்சப்படக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பாய்ந்தேன். என் குத்து ஒன்று அவன் மேல் பட்டது. இன்னொன்றும் பட்டது. அந்த ஆள் கயிறுவரை பின்வாங்கினான். கூட்டம் எழுந்து நின்றது. "அண்ணா! அண்ணா!" என்று மண்டபமே கத்தியது. என் உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறிவிட்டது. அந்த ஒரு நிமிடம் நான் யாரிடமும் எங்கேயும் வழி கேட்டிருப்பேன்.

ஓங்கி உதைத்தேன். அவன் தடுமாறி என் கழுத்தைப் பற்றினான். இரண்டு பேரும் விழுந்தோம். விழுந்து புரண்டதில் என் உள்ளங்கால் அவன் முகத்தில் சப்பென்று பதிந்தது.

என்னை எப்படி வளர்த்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். புத்தகமோ மனிதரோ, தெரியாமல் கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகப் போகும். போனது. அவன் தோளை இரண்டு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இந்தச் சண்டையில் எதிராளியின் உடம்பைத் தட்டினால் 'தோற்றேன், விடு' என்று அர்த்தம்.

நடுவர் பாய்ந்து எங்களைப் பிரித்தார். சண்டை முடிந்தது என்று கையை வீசினார். அந்த உயரமான ஆள் எழுந்து உட்கார்ந்து, "நான் இன்னும் சரியாப் பிடிக்கவே இல்லையே," என்றான் இந்தியில், பாவம். மேஜையில் இருந்த இன்னொரு அதிகாரி கையை உயர்த்தினார். விழுந்தவன் முகத்தில் கால் பட்டதை அவர் பார்த்துவிட்டார். வேண்டுமென்றே உதைத்ததென்றால் அது தகுதிநீக்கம் என்றார்.

நடுவர் என் பக்கம் குனிந்து கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "தட்டினியா, உதைச்சியா?"

'கால் பட்டதால் தொட்டுக் கும்பிட்டேன்' என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் கால் பட்டதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் வேண்டுமென்றா இல்லையா என்று விசாரணை. எனக்குத் தெரிந்த இந்தியில் அந்த விசாரணையைத் தாண்ட முடியாது. ஜெயிக்கிற சண்டை. கூட்டம் இன்னும் என் பெயர்கூடத் தெரியாமல் அண்ணா அண்ணா என்கிறது. மூலையில் சந்து துண்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

"தட்டினேன்," என்றேன். "கழுத்து வலி. தாங்க முடியல."

உயரமான ஆள் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கையை உயர்த்தினார்கள். மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ கையைக் கண்ணில் ஒற்றிக் காட்டினார்கள்.

சந்து மட்டும் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். அந்தப் போட்டியில் தோற்றும் அப்படித் தூக்கப்பட்டவன் நான் மட்டும்தான். அடுத்த வருடமும் கொட்டகைக்கு இடம் கிடைத்தது. அதன் சுவரில் முப்பத்திரண்டாவது விதியைச் சுண்ணாம்பால் மராத்தியில் எழுதி வைத்தான்: 'கால் பட்டால் கும்பிடக் கூடாது.'

அன்று சாந்தியும் நானும் பஸ்ஸில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் கால் அவள் காலில் இடித்தது. என் கை போனது. அவள் இடுப்பிலிருந்த குழந்தையிடம், "பாத்தியாடி, அப்பா தோத்துட்டாரு," என்றாள். அப்போது சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் பேசுவாள், ஆனால் "தட்டினியா, உதைச்சியா" மட்டும் சுத்தமாக வரும். வீட்டில் எந்த விவாதத்திலும் என் கால் யார் மேலாவது பட்டால் தீர்ப்பு எனக்கு எதிராகத்தான்.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, லீவுக்கு எந்த ஊர் போவது என்று வாக்குவாதம் முற்றியது. நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சாந்தி பேசிக்கொண்டே காலை நீட்டி, மெதுவாக என் பாதத்துக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள். என் கை போய்விட்டது.

"இது தகுதிநீக்கம் ஆகாதா?" என்று கேட்டேன்.

"முப்பத்தொன்னையும் நான்தான் படிச்சேன்," என்றாள். "இது அதுல இல்ல."