தனியாக ஓடி முதலாவதாக வந்த கதை

நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வருவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மற்றவர்கள் ஓடாமல் இருந்தால் போதும். இதைச் சும்மா சொல்லவில்லை. பல நாட்டு ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, நானே ஓடிக் காட்டியிருக்கிறேன்.

இன்று நான் செஞ்சிப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அன்று கல்லூரி முடித்திருந்த சமயம். (ஒல்லியாக இருந்தேன், நம்புங்கள்.) ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் ஆடுகளை விரட்டிவிட்டு ஓடிப் பழகியவளுக்கு, ஆசிய அளவிலான தடகளப் போட்டியில் இந்தியச் சட்டை போட்டு ஓட வாய்ப்பு வந்தது. போட்டி வெளிநாட்டில். (அந்த ஊரின் பெயரை எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை.) தகுதிச் சுற்றில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் அரையிறுதி. வந்துவிடலாம் என்று கோச் சார் நம்பினார். அரையிறுதிக்கு எந்தக் கலர் ரிப்பன் கட்டுவது என்பதுவரை நான் போய்விட்டிருந்தேன்.

செஞ்சியில் அதைவிட வேகம். கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் நைனா, வீட்டு டிவியைத் தூக்கிவந்து கடை வாசலில் ஒரு அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துவிட்டார். காலையில் போன் செய்தார்.

"பாப்பா, டென்ஷன் ஆவாத. கடவீதி மொத்தமும் இங்கதான் குந்தினு இருக்குது. சரவெடி வாங்கியாச்சி. ஜிலேபி சொல்லியாச்சி."

"நைனா, இது முதல் ரவுண்டுதான்!"

"எந்த ரவுண்டா இருந்தா இன்னா? நீ ஓடு."

களத்தில் இறங்கும் முன் கோச் சார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பக்கத்துல எவ வர்றா, எவ போறான்னு பாக்காத. திரும்பிப் பாத்த, உன்ன ஊருக்கு நடந்தே கூட்டினு போவேன்."

துப்பாக்கி வெடித்தது. பாய்ந்தேன். அதே நொடியில் மைதானத்தின் மறுபக்கம் உள்ளூர் வீராங்கனை ஒருத்தி நீளம் தாண்டுதலில் அசத்திவிட, கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. அந்தச் சத்தத்தில் இரண்டாவது தடவை துப்பாக்கி வெடித்தது என் காதில் விழவே இல்லை. பக்கத்து லேன் பெண் முன்கூட்டியே கிளம்பிவிட்டாள், எல்லோரும் நில்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் நின்றார்கள். நான் மட்டும் கோச் சாருக்குப் பயந்து திரும்பாமல் பறந்தேன்.

நடுவழியில் ஒரு அதிகாரி இரண்டு கைகளையும் ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் போலிருக்கிறது, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். கோட்டைத் தாண்டினேன். ஓரக்கண்ணில்கூட ஆள் இல்லை. கைகளை உயரத் தூக்கினேன். மண்டியிட்டேன். தரையை முத்தமிட்டேன். (செயற்கைத் தளம். வாயெல்லாம் ரப்பர் வாசனை.) நிமிர்ந்தால், மற்ற பெண்கள் தொடக்கக் கோட்டில் இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

திரும்பி நடந்தேன். நூறு மீட்டர் எவ்வளவு நீளம் என்பது நடக்கும்போதுதான் தெரியும். போட்டியிலிருந்து நீக்கப்பட்ட அந்தப் பக்கத்து லேன் பெண் அழுதுகொண்டே எதிரே வந்தாள். என்னைப் பார்த்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாஷை தெரியாத இரண்டு பேர் கட்டிப்பிடித்துச் சிரித்தோம். அன்று நான் நாட்டுக்காகச் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

மறுபடி ஓடினோம். காலில் இருந்த பலமெல்லாம் முதல் வெற்றியிலேயே செலவாகியிருந்தது. கடைசியாக வந்தேன்.

செஞ்சியில் நடந்ததை என் தம்பி பிறகு சொன்னான். நான் தனியாக ஓடிவந்ததைப் பார்த்ததும் நைனா அண்டா அதிரக் கத்தினாராம்: "அவ ஓடறதப் பாத்துட்டு மத்ததுங்க ஓட்டத்தையே வுட்டுடுச்சிங்கடா!" சரவெடி வெடித்தது. வெடிச் சத்தத்தில் டிவியில் என்ன சொல்கிறார்கள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. பஸ்ஸை நிறுத்தி டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஜிலேபி கொடுத்திருக்கிறார். புகை அடங்கும்போது டிவியில் மறுபடி ஓடிக்கொண்டிருந்தோம்.

"ரீப்ளே போடறான்" என்று நைனா எல்லோருக்கும் விளக்கினாராம்.

"ரீப்ளேல எப்பிடி நைனா அக்கா கடைசியா வர்றா?" என்று கேட்ட தம்பிக்கு முறைப்புதான் பதிலாம்.

அழுதபடி போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். "ரெண்டு தபா ஓட வுட்டானுங்களாமே, பாவிங்க! சரி வுடு. ஒரு தபா ஜெயிச்ச இல்ல? சாப்டியா?" அழுகை எங்கே போனது என்றே தெரியவில்லை. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்கு அவசரப்பட்டாலும், "மத்தவங்க ஓடறாங்களா, பாத்துக்க" என்பார்கள். என் கல்யாணத்தில் தாலி ஏறிய கையோடு தம்பி மைக்கைப் பிடித்து, "மாமா, இதுதான் நெஜ ஓட்டம், ரெண்டாவது வெடி கெடையாது, எழுந்துடாதீங்க!" என்றான். பந்தல் முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரர் விவரம் புரியாமல் பயத்தோடு உட்கார்ந்தே இருந்தார்.

நைனா மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் கைகளைத் தூக்கி நிற்கும் அந்த டிவி காட்சியைத் தம்பி செல்போனில் எடுத்திருந்தான். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கடையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். போன வாரம்கூட, குக்கர் வாங்க வந்த ஒரு அம்மா அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"உங்க பொண்ணுங்களா? ஃபர்ஸ்ட்டா வந்துச்சா?"

நைனா குக்கர் மூடியைத் துடைத்தபடியே சொன்னார்: "பின்னாடி யாராச்சும் தெரியறாங்களா, நீங்களே பாத்து சொல்லுங்கம்மா."

அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்து, படத்துக்குக் கிட்டே போய், நன்றாகப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லீங்களே!"