இராசநாயகத்தாரின் முன்சில்லு

மோட்டார் சைக்கிள் மூன்றாவது தடவையாகவும் வலப்பக்கம் சரிந்து எலுமிச்சைச் செடிக்குள் விழுந்தபோதுதான் இராசநாயகத்தாருக்கு விசயம் விளங்கியது. முன்சில்லைச் சின்னதாக்கி, ஃபோர்க்கையும் கட்டையாக்கி, வண்டியின் உயரத்தைக் குறைத்துப் பதித்தாயிற்று. வண்டியைச் சாய்த்து நிறுத்தும் ஸ்ராண்ட் மட்டும் பழைய நீளத்தில் நின்றது. அதனால் இடப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நிமிர்ந்து நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு, மற்றப் பக்கம் விழுந்தது.

"சிமியோனிட்டைச் சொல்லி ஸ்ராண்டை வெட்டுவம் பிள்ளை," என்றார்.

மகள் பத்மாசினி ஹாண்டிலில் சிக்கிய எலுமிச்சை முள்ளை எடுத்துவிட்டாள்.

கொடிகாமத்து வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். தாய் போய் ஆறு வருசம். பத்மாசினிக்கு முப்பத்தொரு வயது. கரவெட்டியில் நிவாரண அட்டை பதிகிற கந்தோரில் வேலை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் கட்டை, சைக்கிள் மிதிக்க ஏலாது. பஸ் ஓடுவதில்லை. ஆகவே காலையில் ஒன்பது மைல் கொண்டுபோய் விடுவதும் பின்னேரம் போய் ஏற்றி வருவதும் அறுபத்தாறு வயது அப்பாதான். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துப் போத்தலில் விற்ற காலம். நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையோடு புகையாகப் போய் வந்தார்கள்.

வைகாசியில் இராசநாயகத்தாருக்கு நெஞ்சு வலித்தது. இருதயம் வீங்கியிருப்பதாகவும், அதற்குரிய குளிசை தடைக்கு அங்காலே நிற்பதாகவும் வைத்தியர் சொன்னார். ஐப்பசி மழை காண்பது கஷ்டம் என்பதையும் அவர் சுற்றிவளைத்துத்தான் சொன்னார். இராசநாயகத்தார் நேராகவே விளங்கிக்கொண்டார்.

சாவுக்கு அவர் பயப்படவில்லை. செத்த வீட்டுக்குச் சனம் வரும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சொந்தம் வரும். அந்தியேட்டி முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு மகளை வேலைக்கு ஏற்றிப்போக யார் வருவார்கள் என்பதுதான் அவருடைய பயம். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அவள் தானே வண்டி ஓடப் பழக வேண்டும். ஆனால் சீற்றில் இருந்தால் அவளுக்குக் கால் நிலத்தில் முட்டாது. வண்டியைத்தான் பதிக்க வேண்டும்.

சிமியோன் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். வள்ளத்து எஞ்சின் திருத்தியவன், இப்போது கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் கொட்டில் போட்டிருந்தான். அவன் கை பட்டால் துருப்பிடித்த ஆணியும் ஓடும் என்று சந்தையில் சொன்னார்கள். இராசநாயகத்தார் அவனைத் தனியே கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். மகளுக்குத் தெரியக்கூடாது என்றும் சொன்னார்.

"இதை முடிச்சு அவளின்ரை கையிலை குடுத்திட்டனெண்டால் நிம்மதியாப் போயிடுவன் சிமியோன்."

சிமியோன் சிலுவை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினான். அது ஆனி மாசம்.

எங்கோ கிடந்த ஒரு குட்டி வண்டியின் சில்லு முன்னுக்குப் பூட்டப்பட்டது. ஃபோர்க் வெட்டப்பட்டது. பிறகு ஸ்ராண்டும் வெட்டப்பட்டது. பத்மாசினி ஏறி இருந்து பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு, ஆனால் முன்னுக்கு வழுக்குது என்றாள். சிமியோன் சீற்றின் முன்பக்கத்துக்குத் தென்னந்தும்பு வைத்து உயர்த்தினான். இப்போது அவளுக்குக் கால் மறுபடி முட்டவில்லை.

தும்பைப் பாதியாகக் குறைத்த கிழமை, எண்ணெய்த் தாங்கியில் பாதி மண்ணெண்ணெய் இருக்க, வண்டி வழியில் வரணியில் நின்றுவிட்டது. முன்னுக்குச் சாய்ந்த வண்டியில் எண்ணெயெல்லாம் தாங்கியின் முன்பக்கம் போய்ச் சேர்ந்துவிட, குழாய் பின்பக்கம் தாகத்தோடு இருந்தது. சிமியோன் தாங்கியின் முன்பக்கத்துக்குப் பனைமரக் கட்டை கொடுத்தான். உயர்ந்த தாங்கியில் ஹாண்டில் இடித்தது. ஹாண்டிலை உயர்த்தினான். அதற்குப் பிறகு இராசநாயகத்தார் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் ஓடினார். சந்தியில் காவல் நின்றவன் ஒருநாள் மறித்து, "ஐயா, உங்களை ஒருத்தரும் பிடிக்கேல்லை. கையை இறக்குங்கோ," என்றான்.

எல்லாம் சரிவந்தது போலிருந்த நாளில் பத்மாசினி வேகமானியைக் காட்டினாள். சின்னச் சில்லு கெதியாகச் சுற்றியதில், நாற்பதில் போகும்போது முள் அறுபதில் நின்றது. அறுபதைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குது அப்பா என்றாள். வண்டி திரும்பவும் கொட்டிலுக்குப் போனது.

ஐப்பசி மழை வந்தது. இராசநாயகத்தாருக்குச் சாக நேரம் இருக்கவில்லை, அன்றைக்கு ஹாண்டில் வேலை. கார்த்திகை போனது. மார்கழியில் கால் வீங்கியது. வீங்கிய காலோடு சந்தைக்குப் போய், கொட்டில் வாசலில் எண்ணெய்த் தகரத்தில் இருந்து, சிமியோனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். இரவில் மூச்சு முட்டினால் நாளைக்கு எந்த நட்டை இறுக்க வேண்டும் என்று யோசித்தார். மூச்சு ஒருபடியாகத் திரும்பி வந்தது.

தை பிறந்தது. ஒருநாள் அவர் போனபோது, யாரோ ஒரு வெங்காய வியாபாரியின் எஞ்சினை முழுவதும் கழற்றிப் பூட்டி, மத்தியானத்துக்குள் அனுப்பிவைத்துவிட்டு சிமியோன் கை கழுவிக்கொண்டிருந்தான்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் அரை நாள், எனக்கு மட்டும் எட்டு மாசமோ என்று கேட்டார். நாளைக்கே வண்டியைச் சாவகச்சேரியில் வேறு ஒருவனிடம் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். சொல்லும்போதே, மகள் பிறந்த நாளிலிருந்து யாருக்கும் காட்டாத கண்ணீர் வந்துவிட்டது.

"எனக்கு நாளில்லை எண்டு உனக்குத் தெரியும். நான் போனால் அந்தப் பிள்ளை அந்தக் காலோடை கரவெட்டிக்கு நடக்கிறதோ?"

சிமியோன் கொட்டிலின் பின்பக்கம் போய் ஒரு சாக்கை இழுத்துவிட்டான். அங்கே அவனுடைய சொந்த மோட்டார் சைக்கிள் நின்றது. முன்னும் பின்னும் ஒரே அளவாகப் பதித்து, பூனைக்குட்டி போல அடக்கமாக நின்றது.

"நடக்கமாட்டா ஐயா. சனிக்கிழமையிலை சந்தைக்கெண்டு வந்து, புரட்டாதியிலையே உதிலை வடிவா ஓடப் பழகிட்டா."

இராசநாயகத்தார் அந்த வண்டியைப் பார்த்தார். பிறகு கை தூக்கி நிற்கும் தன்னுடைய வண்டியைப் பார்த்தார். அப்ப என்ரை வண்டியை ஏன்ரா இந்தப் பாடு படுத்தினனீ என்று கேட்டார்.

சிமியோன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"வைத்தியர் சொன்னது அவவுக்கும் தெரியும். அவதான் ஐயா, 'இந்த வேலை இருக்குமட்டும் அப்பா இருப்பார், முடிச்சுப்போடாதேங்கோ அண்ணை' எண்டு என்ரை கையைப் பிடிச்சு அழுதவ."